குர்ச்சியில் உட்கார்ந்தவர்களுக்கு ஒரு விடுமுறை

போன வாரம் பிரணாளி கைப்பேசியில் ஒரு படம் அனுப்பியிருந்தாள். புனே மாவட்டத்து ரஞ்சன்காவ் தொழிற்சாலையில் நான் பார்த்துவந்த பாதுகாப்பு அதிகாரி வேலையை இப்போது பார்ப்பவள் அவள். படத்தில் இருந்தது விபத்துப் பதிவேட்டின் ஒரு பக்கம். அதில் ஒரு வரி சிவப்பு மையால் ஒற்றைக் கோடு போட்டு அடிக்கப்பட்டிருந்தது. அதன் கீழே வேறொரு வரி. இரண்டும் என் கையெழுத்து.

படத்தோடு ஒரு கேள்வியும் இருந்தது. பழைய பதிவேடுகளையெல்லாம் கணினியில் ஏற்றுகிறார்களாம். கணினியில் அடித்தல் கோடு போட வழியில்லை. "தாயி, மேலே இருக்கறதை ஏத்தணுமா, கீழே இருக்கறதையா?"

மராத்தியில் அக்காவைத் தாயி என்பார்கள். தொழிற்சாலைக்குப் போன முதல் நாள், என் அப்பா வயதில் இருந்த ஒருவர் என்னைத் தாயி என்று கூப்பிட்டபோது திரும்பிப் பார்க்கவே கூச்சமாக இருந்தது. பன்னிரண்டு வருடத்தில் பழகிவிட்டது. இப்போது எனக்கு முப்பத்து நான்கு வயது. விருப்ப ஓய்வு வாங்கியவள். இந்த வயதில் ஓய்வு பெற்றவள் என்று சொன்னால் சிரிக்கிறார்கள். ஆனால் கடிதத்தில் அப்படித்தான் இருக்கிறது. பிரணாளியின் கேள்விக்கு ஒரு வரியில் பதில் அனுப்பிவிட்டேன். ஆனாலும் அந்தப் படத்தைத் திரும்பத் திரும்பத் திறந்து பார்க்கிறேன். அதனால் முழுதாக எழுதிவிடுகிறேன்.

என் அப்பா ஆத்தூர்ப் பக்கத்திலிருந்து கட்டட வேலைக்கு வந்து புனேயின் தாபோடியில் தங்கிவிட்டவர். அம்மாவும் சித்தாள். இருவரும் கைநாட்டு. ரேஷன் கார்டு, வாடகைப் பத்திரம், என் மதிப்பெண் அட்டை, எல்லாவற்றிலும் அப்பாவின் இடது கட்டைவிரல் ஊதா நிறத்தில் இருக்கும். ஐந்தாம் வகுப்பில் ஓர் ஆசிரியை அதைப் பார்த்துவிட்டு, "வீட்டில் எழுதத் தெரிந்தவர் யாருமில்லையா?" என்று வகுப்பில் வைத்துக் கேட்டார். "நான் இருக்கிறேன்" என்று சொன்னேன். வகுப்பு சிரித்தது. நான் சிரிக்கவில்லை. மராத்திப் பள்ளியில் படித்துக்கொண்டே, ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் தமிழ் எழுத்தும் கற்றுக்கொண்டேன். பிறகு டிப்ளமோ, அதற்குமேல் தொழிற்சாலைப் பாதுகாப்புப் படிப்பு. எங்கள் வம்சத்தில் பேனா பிடித்துச் சம்பாதித்த முதல் ஆள் நான். பெருமைக்குச் சொல்லவில்லை என்று எழுத மாட்டேன். பெருமைக்குத்தான் சொல்கிறேன். என் கையெழுத்து அச்சு மாதிரி இருக்கும்.

அந்தக் கையெழுத்துக்காகவே தேஷ்பாண்டே சார் என்னைத் தேர்ந்தெடுத்தார் என்று பிறகு தெரிந்தது.

அவர்தான் எங்கள் பாதுகாப்பு மேலாளர். ஐம்பது தாண்டியவர். குரல் உயர்த்திப் பேசி யாரும் கேட்டதில்லை. வீட்டிலிருந்து கொண்டுவந்த பீங்கான் கோப்பையில்தான் தேநீர் குடிப்பார். குடித்ததும் அவரே கழுவிக் கவிழ்த்து வைப்பார். இயந்திரத்தைப் பூட்டிவிட்டுப் பழுது பார்ப்பது எப்படி, அந்தப் பூட்டின் சாவி யார் பையில் இருக்க வேண்டும், நெருப்பு பிடித்தால் முதலில் எந்த வால்வை மூட வேண்டும், எல்லாம் அவர் கற்றுத் தந்ததுதான். எனக்குத் தெரிந்த நல்ல விஷயங்களில் பாதி அவருடையவை. இதையும் சொல்லியாக வேண்டும்.

யாருக்காவது அடிபட்டால் அவரைக் கூப்பிடுவேன். அவர் மூன்று கேள்விகள் கேட்பார். எப்போதும் அதே வரிசை.

"உயிருக்கு ஒண்ணும் இல்லையே?"

"இல்லை சார்."

"எலும்பு வெளியே தெரியுதா?"

"தெரியலை சார்."

"நாளைக்கு வந்து உட்கார முடியுமா?"

மூன்றாவது கேள்விதான் முக்கியம். அடிபட்டவர் இரண்டு நாளுக்கு மேல் வேலைக்கு வரமுடியாமல் போனால் அரசின் தொழிற்சாலை ஆய்வாளருக்கு அறிக்கை போக வேண்டும். வந்து உட்கார்ந்துவிட்டால் அது முதலுதவி மட்டும். அறிக்கை இல்லை. வாசலில் தொங்கும் பலகையில் 'விபத்தில்லாத நாட்கள்' என்ற எண் பூஜ்யத்துக்குப் போகாது.

பதிவேட்டில் எழுதுவதற்கும் அவரிடம் ஒரு முறை இருந்தது. நடந்ததை ஒரு தாளில் பென்சிலால் எழுதித் தருவார். நான் அதைப் பார்த்துப் பதிவேட்டில் பேனாவால் எழுதுவேன். 'நசுங்கியது' என்று நானாக எழுதினால் அதை மாற்றி 'தொடுகை ஏற்பட்டது' என்பார். 'விபத்து' என்ற சொல்லே கூடாது, 'சம்பவம்'. எழுதி முடித்ததும் என் கையெழுத்து. மேலாளர் கையெழுத்துக்கான இடத்தை, "மாசக் கடைசியில் மொத்தமாப் போட்டுக்கலாம்" என்று விட்டுவிடுவார். பிறகு பென்சில் தாளை வாங்கி, ரப்பரால் அழித்து, அதே தாளை அடுத்த முறைக்கு எடுத்து வைப்பார். காகிதத்தை வீணாக்காதவர் என்று நான் வீட்டில் சொல்லிப் பாராட்டியிருக்கிறேன்.

இனி குர்ச்சி. மராத்தியில் நாற்காலிக்குக் குர்ச்சி என்று பெயர். ஸ்டோர் ரூம் வாசலில், மின்விசிறிக்குக் கீழே, இரும்பு நாற்காலி ஒன்று இருந்தது. அடிபட்டவரை மறுநாள் கம்பெனி வண்டியில் வீட்டிலிருந்து கூட்டிவந்து, வருகை அட்டையைத் தேய்த்து, அதில் உட்கார வைப்பார்கள். எட்டு மணி நேரம். சாயங்காலம் வண்டியில் கொண்டுபோய் விடுவார்கள். வேலை எதுவும் செய்ய வேண்டாம். உட்கார்ந்தால் போதும். அதற்குப் பெயர் குர்ச்சி டூட்டி.

ஆட்கள் அதை வைத்துக் கேலி பேசுவார்கள். "அவனுக்கென்னப்பா, குர்ச்சி கிடைச்சிருச்சு." "மந்திரி ஆயிட்டான், இனிமே நம்மளையெல்லாம் தெரியுமா?" உட்கார்ந்திருப்பவரும் கட்டுப்போட்ட கையைத் தூக்கி மந்திரி மாதிரி ஆட்டுவார். நானும் சிரித்திருக்கிறேன். கம்பெனி ஆளைக் கைவிடாமல் கூட்டிவந்து உட்கார வைக்கிறதே என்று நினைத்தவள் நான்.

வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் வருடம். கணபதி சிலைகளைக் கரைக்கும் விசர்ஜனுக்கு முந்தின நாள். விசர்ஜன் அன்று விடுமுறை என்பதால் அதற்கான எண்ணிக்கையையும் முந்தின நாளே அடித்து முடிக்க வேண்டும். தகட்டை அடித்து வடிவமாக்கும் பிரஸ் மெஷினில் இரண்டு பொத்தான்கள் உண்டு. இரண்டு கையாலும் ஒரே நேரத்தில் அழுத்தினால்தான் அச்சு இறங்கும். கை உள்ளே இருக்கும்போது இறங்கக் கூடாது என்பதற்காக அப்படி வைத்திருக்கிறார்கள். வேகம் வேண்டுமென்றால் ஒரு பொத்தானில் மரக்கட்டையைச் செருகிவிட்டு, மறு கையால் தகட்டைத் தள்ளுவார்கள். காலை எட்டு மணிக்கு நான் சோதிக்கும்போது கட்டை இருக்காது. எட்டரைக்கு இருக்கும். எனக்குத் தெரியாது என்று சொன்னால் அது பொய்.

மதியம் இரண்டு மணி சுமாருக்கு எட்டாம் நம்பர் மெஷினில் விட்டலுக்கு அடிபட்டது. விட்டல் லாத்தூர் மாவட்டத்துக்காரர், ஒப்பந்தத் தொழிலாளி, முப்பத்தைந்து வயதிருக்கும். நான் ஓடிப்போனபோது அவரை வண்டியில் ஏற்றிக்கொண்டு போயிருந்தார்கள். மெஷினைத் துடைத்திருந்தார்கள். தரையில் மரத்தூள் தூவியிருந்தது. பொத்தானில் கட்டை இல்லை. தேஷ்பாண்டே சார் மருத்துவமனையில் பேசிவிட்டு வந்து பென்சில் தாளைத் தந்தார். நான் எழுதியதை இங்கே தமிழில் தருகிறேன்: 'வலது கை விரல்களில் சிராய்ப்பு. முதலுதவி அளிக்கப்பட்டது. அடுத்த வேலை நாளில் பணிக்குத் திரும்பினார்.'

அடுத்த வேலை நாள் இன்னும் வந்திருக்கவில்லை. அதற்கு முன்பே எழுதினேன். இதை நான் அன்று கவனிக்கவே இல்லை.

மறுநாள் விசர்ஜன். தாபோடியில் எங்கள் தெருவே கொட்டு மேளத்தோடு ஆடிக்கொண்டிருந்தது. அதற்கு அடுத்த நாள் விட்டல் குர்ச்சியில் இருந்தார். வலது கை முழுவதும் பஞ்சும் கட்டும், தலையணை அளவுக்கு.

"வலிக்குதா பாவூ?" என்றேன். பாவூ என்றால் அண்ணன்.

"குர்ச்சி நல்லா இருக்கு தாயி. காத்து வருது."

ஐந்தாம் நாள் அவர் அருகே போனபோது, குரலைத் தாழ்த்திச் சொன்னார். "தாயி, ஒரு தடவை கட்டைப் பிரிச்சுப் பார்க்கச் சொல்லுங்க. நாத்தம் வருது."

தேஷ்பாண்டே சாரிடம் சொன்னேன். "டாக்டர் திங்கட்கிழமை பிரிக்கறதா சொல்லியிருக்கார். அதுக்கு முன்னாடி நாம தொடக் கூடாது" என்றார். நியாயமாகத்தான் பட்டது. நான் விட்டலிடம் போய், "திங்கட்கிழமை" என்றேன். அவர் தலையாட்டினார். ஒன்பது நாள் உட்கார்ந்தார். பத்தாம் நாள், அந்தத் திங்கட்கிழமை, குர்ச்சி காலியாக இருந்தது. ஒப்பந்தக்காரரின் ஆளிடம் கேட்டபோது, "ஊருக்குப் போயிட்டான்" என்றார். நான் நம்பினேன்.

அதற்கப்புறம் வாசல் பலகையில் எண் ஏறிக்கொண்டே போய் ஆயிரத்தைத் தொட்டது. எல்லோருக்கும் பேடா இனிப்புக் கொடுத்தார்கள். பலகைக்குக் கீழே நிற்கவைத்து என்னைப் படம் எடுத்தார்கள். அம்மா அந்தப் படத்தைச் சட்டம் போட்டுச் சாமி படங்களுக்குப் பக்கத்தில் மாட்டினாள்.

ஒன்பதாம் வருடம் டிசம்பரில் அந்தக் கூட்டம் நடந்தது.

ஒவ்வொரு டிசம்பரிலும் நிர்வாகமும் தொழிலாளர் குழுவும் உட்கார்ந்து அடுத்த வருடத்துப் பண்டிகை விடுமுறைகளை முடிவு செய்வார்கள். நிர்வாகத்தின் பக்கம் மனிதவள மேலாளர் முரளி சார். சென்னைக்காரர், புனே வானவடியில் வீடு. அவர் பக்கத்தில், பாதுகாப்பு அதிகாரி என்பதால், நானும் உட்கார்ந்திருந்தேன். தொழிலாளர் பக்கம் ஷிந்தே காகா. காகா என்றால் சித்தப்பா. எங்கள் அப்பாவிடம் முதன்முதலில் சொன்னபோது, "மனுசனைப் போயி காக்காங்கறாங்களே கண்ணு" என்று ரொம்ப நேரம் சிரித்தார்.

ஷிந்தே காகா அன்று ஒரு புதிய விஷயம் கேட்டார். இங்கே வேலை செய்து அடிபட்டவர்களுக்காக வருடத்தில் ஒரு நாள் விடுமுறை வேண்டும் என்றார்.

முரளி சார் பொறுமையாகப் பதில் சொன்னார். புதிதாக ஒரு நாள் தரமுடியாது. வேண்டுமானால் இருக்கிற பண்டிகைகளில் ஒன்றை விட்டுக்கொடுத்து மாற்றிக்கொள்ளலாம். பிறகு என் பக்கம் சாய்ந்து, அந்த அறையில் வேறு யாருக்கும் புரியாத தமிழில் சொன்னார். "இந்த ஊர்ல பண்டிகையை எவன் விடுவான்? இதோட முடிஞ்சுது பாரு."

"விசர்ஜன் நாளை எடுத்துக்கோங்க" என்றார் ஷிந்தே காகா.

இதை வெளியூர்க்காரர்களுக்கு எப்படிப் புரியவைப்பது என்று தெரியவில்லை. புனே மாவட்டத்தில், அதிலும் கணபதி கோயிலுக்குப் பேர்போன ரஞ்சன்காவில், விசர்ஜன் அன்று வேலைக்கு வருகிறோம் என்று ஒரு மராத்தித் தொழிலாளி சொல்கிறார். முரளி சார் கையிலிருந்த பேனாவை மேசைமேல் வைத்துவிட்டார்.

"விசர்ஜனை எடுத்துக்கிட்டு அதுக்கு முந்தின நாளைக் குடுங்க" என்றார் ஷிந்தே காகா. "விட்டலுக்குக் கை போனது அன்னிக்குத்தான்."

"கை போனதா?" என்றேன். "சிராய்ப்புதானே காகா. பதிவேட்டில் இருக்கே."

"அப்ப பதிவேட்டைக் கொண்டுவாங்க தாயி. மொத்தம் எத்தனை பேர்னு படிங்க."

கொண்டுவந்தேன். ஒன்பது வருடத்தில் பணிநாள் இழந்த விபத்து இரண்டே இரண்டு. அந்தப் பெயர்களைப் படித்தேன். படிக்கும்போது கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. இதை எழுதத்தான் கூசுகிறது.

ஷிந்தே காகா கோபப்படவில்லை. "சாப்பாட்டு மணி அடிக்கப் போகுது. வாங்க" என்று என்னை மட்டும் கூட்டிக்கொண்டு கேன்டீனுக்குப் போனார். நிரந்தரத் தொழிலாளிகளும் ஒப்பந்தத் தொழிலாளிகளும் தட்டோடு உட்கார்ந்திருந்தார்கள். அவர் மேசையைத் தட்டிக் கேட்டார். "குர்ச்சியில் உட்கார்ந்தவங்க யார் யாரு? அந்தக் கையைத் தூக்குங்க."

முதலில் சிரிப்பு வந்தது. "மந்திரிசபை கூடுது டோய்" என்று யாரோ கத்தினார்கள். பிறகு கைகள் எழுந்தன.

நான் எண்ண ஆரம்பித்து நிறுத்திவிட்டேன். நுனியில்லாத ஆள்காட்டி விரல். மடங்காத கட்டைவிரல். நகம் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் தோல். ஒரு கையில் நடுவிரலும் மோதிரவிரலும் ஒன்றாக ஒட்டியிருந்தன. ஒன்பது வருடமாக இந்தக் கைகளுக்குத்தான் கையுறை கொடுத்தேன். அளவு சரியாக இருக்கிறதா என்று கேட்டுக் கேட்டுக் கொடுத்தேன். கையுறையைத்தான் பார்த்திருக்கிறேன், கையைப் பார்க்கவில்லை. ஷிந்தே காகாவும் தூக்கினார். சுண்டுவிரலில் பாதி. பிறவியிலேயே அப்படி என்று நினைத்திருந்தேன்.

"இது மூணாம் நம்பர் மெஷின்" என்றார். "நீங்க வர்றதுக்கு முன்னாடி. உங்க எழுத்து இல்லை, பயப்படாதீங்க."

அதற்கும் சிரித்தார்கள். நான் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். பக்கத்தில் இருந்த ஒருவர் எழுந்து தன் இடத்தைக் காட்டி, "உட்காருங்க தாயி" என்றார். நான் உட்காரவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஷிந்தே காகாவின் வண்டியில் பக்கத்து ஊரான ஷிக்ராபூர் போனோம். புதிதாகக் கட்டிக்கொண்டிருந்த ஒரு குடியிருப்பின் வாசலில் விட்டல் காவல்காரராக இருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார். அவர் எழுந்த இடத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி.

"இங்கேயும் குர்ச்சிதான் தாயி" என்றார்.

வலது சட்டைக் கை மணிக்கட்டோடு மடித்துப் பின்குத்தியிருந்தது. கடைசி நாள் காய்ச்சலோடு குர்ச்சியில் இருந்துவிட்டு, சாயங்காலம் தானாகவே பஸ் ஏறி புனேயில் அரசு மருத்துவமனைக்குப் போயிருக்கிறார். அங்கே கட்டைப் பிரித்த டாக்டர், இத்தனை நாள் எங்கே இருந்தாய் என்று கேட்டாராம். "கம்பெனியிலன்னு சொன்னேன். நம்பலை. கம்பெனிச் சீட்டுல சிராய்ப்புன்னு இருந்துச்சு. சிராய்ப்புக்கா கை இப்படி ஆகும், எங்கேயோ வேற அடிபட்டிருக்கேன்னு நினைச்சாரு."

அவரே பேச்சை மாற்றுவதுபோல மகளைப் பற்றிச் சொன்னார். நான்காம் வகுப்புப் படிக்கிறாள். "மதிப்பெண் அட்டையில கையெழுத்துக் கேட்டாங்க. இடது கையால போட்டேன், கோழி கிண்டின மாதிரி வந்துச்சு. அதனால கட்டைவிரல் வச்சு அனுப்பினேன். டீச்சர் அவகிட்ட, உங்கப்பா படிக்கலையான்னு கேட்டிருக்காங்க. தாயி, நான் பத்தாவது பாஸ்."

அந்த இடத்தில் என்ன ஆனேன் என்று இன்றுவரை சொல்லத் தெரியவில்லை. ஐந்தாம் வகுப்பு ஆசிரியையின் குரல் கேட்டது. கைநாட்டுக் குடும்பத்திலிருந்து எழுந்து வந்தவள் என்று சொல்லிக்கொண்டு திரிந்தேனே, கையெழுத்துப் போடத் தெரிந்த ஒரு மனிதரை நான் கைநாட்டு ஆக்கியிருந்தேன். அச்சு மாதிரி எழுத்தில்.

திங்கட்கிழமை முரளி சார் என்னைக் கூப்பிட்டார். விடுமுறைப் பட்டியலில் 'காரணம்' என்று ஒரு பத்தி உண்டு. தலைமை அலுவலகத்துக்கு அதற்கு ஆதாரம் அனுப்ப வேண்டும்.

"பாரும்மா ரேவதி, லீவு நாளை மாத்தறதுல எனக்கு ஒண்ணும் இல்லை. ஆனா காயம்பட்ட தொழிலாளர் நாள்னு போடணும்ங்கறாங்க. அன்னிக்கு ஒரு காயமும் இல்லைன்னு உன் ரெக்கார்டே சொல்லுதே. இல்லாததுக்கு லீவு எப்படிக் குடுப்பாங்க?"

"இருந்தது சார்."

"அப்ப நீ எழுதினது?"

"தப்பு."

அவர் கதவைச் சாத்தினார். "நம்ம ஊர்ப் பொண்ணுங்கறதால சொல்றேன். அந்தப் பக்கத்துல உன் ஒருத்தி கையெழுத்துதான் இருக்கு. மேனேஜர் இடம் காலி. நான் பார்த்துட்டேன். பாதுகாப்பு தினம்னு பொதுவாப் போட்டுட்டா யாருக்கும் வம்பில்லை. அவங்களுக்கு லீவு கிடைக்கும், உனக்கு வேலை இருக்கும். விட்டுடும்மா."

அவர் சொன்னதில் ஒன்றுமட்டும் உண்மை. மாதக் கடைசியில் போடுகிறேன் என்ற கையெழுத்தை தேஷ்பாண்டே சார் அந்தப் பக்கத்தில் போடவே இல்லை. அன்று மதியம் பழைய பக்கங்களைப் புரட்டினேன். குர்ச்சியில் உட்கார்ந்த ஒருவருடைய வரியிலும் அவர் கையெழுத்து இல்லை. பென்சில் அழிந்துவிட்டது. பேனா நின்றது.

பதிவேட்டில் தவறைத் திருத்தும் முறையையும் அவர்தான் கற்றுத் தந்தார். அழிக்கக் கூடாது, வெள்ளை பூசக் கூடாது, தாளைக் கிழிக்கக் கூடாது. தவறான வரியின்மேல் சிவப்பு மையால் ஒற்றைக் கோடு போட வேண்டும். அடியில் உள்ளதைப் படிக்க முடிய வேண்டும். கீழே சரியானதை எழுதித் தேதியிட்டுக் கையொப்பமிட வேண்டும். அப்படியே செய்தேன். 'எட்டாம் நம்பர் பிரஸ்ஸில் வலது கை விரல்கள் நசுங்கின. பொத்தானில் மரக்கட்டை செருகப்பட்டிருந்தது. ஒன்பது நாள் நாற்காலியில் உட்கார வைக்கப்பட்டார். பிறகு மணிக்கட்டோடு கை அகற்றப்பட்டது. முந்தைய பதிவு என்னால் தவறாக எழுதப்பட்டது.'

பதிவேட்டைத் தேஷ்பாண்டே சார் மேசைக்கு எடுத்துப் போனேன். அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, இரண்டு வரிகளையும் விரல் வைத்துப் படித்தார். மேசை இழுப்பறையைத் திறந்து ஓர் அளவுகோலை எடுத்து என்னிடம் நீட்டினார்.

"கோடு கோணலா இருக்கு" என்றார். "அடுத்த தடவை இதை வச்சுப் போடு."

"நீங்க கையெழுத்துப் போடணும் சார்."

அவர் தேநீர்க் கோப்பையை எடுத்துக்கொண்டு கழுவப் போனார். நான் காத்திருந்தேன். அவர் திரும்பி வந்து கோப்பையைக் கவிழ்த்து வைத்தார். பதிவேட்டை மூடி என் பக்கம் நகர்த்தினார். அவ்வளவுதான். இதையும்விடப் பெரிய அதிர்ச்சி என் வேலை வாழ்க்கையில் இல்லை. அவர் கோபப்பட்டிருந்தால், கெஞ்சியிருந்தால், எனக்கு ஏதாவது புரிந்திருக்கும். அடுத்த தடவை என்றாரே. அளவுகோல் மட்டும் என் கையில் இருந்தது.

ஆய்வாளருக்கு அறிக்கை போனது, ஆறு வருடம் தாமதமாக. பலகையில் எண் பூஜ்யமானது. பொய்ப் பதிவு எழுதியதற்கு என்மேல் உள்விசாரணை நடந்தது. நான் மறுக்கவில்லை. என்னைப் பயிற்சித் துறையில் கோப்பு அடுக்கும் வேலைக்கு மாற்றினார்கள். இரண்டு வருடம் கழித்து பிரஸ் பகுதியை மூடும்போது விருப்ப ஓய்வுப் பட்டியலில் என் பெயர் முதலில் இருந்தது. தேஷ்பாண்டே சார் அதற்கு முன்பே மாலை மரியாதையோடு ஓய்வு பெற்றுப் போயிருந்தார். வீட்டில் அம்மா அந்தப் படத்தைக் கழற்றச் சம்மதிக்கவில்லை. நானே கழற்றினேன். அப்பா கேட்டார், "எழுதுனது தப்புன்னு நீயே எழுதிக் குடுத்தியாமே கண்ணு?" ஆமாம் என்றேன். கொஞ்ச நேரம் கட்டைவிரலைத் தேய்த்துக்கொண்டிருந்துவிட்டு, "எழுதத் தெரிஞ்சதாலதான அதையும் எழுத முடிஞ்சுது" என்றார்.

விடுமுறை கிடைத்தது. நாங்கள் கேட்ட பெயரைத் தரவில்லை. அறிவிப்புப் பலகையில் விசர்ஜனுக்கு முந்தின நாளுக்கு நேராக 'சிறப்பு விடுமுறை' என்று அச்சிட்டிருந்தார்கள். ஒரே வாரத்தில் யாரோ பால்பாயின்ட் பேனாவால் 'சிறப்பு' என்ற சொல்லின்மேல் ஒற்றைக் கோடு போட்டு, கீழே 'குர்ச்சி' என்று எழுதிவிட்டார்கள். அடியில் உள்ளதைப் படிக்க முடிந்தது. முறைப்படிதான் செய்திருந்தார்கள்.

முதல் குர்ச்சி விடுமுறை அன்று காலை பத்து மணிக்குப் பூட்டிய வாசலுக்கு வெளியே கூடினார்கள். ஸ்டோர் ரூம் இரும்பு நாற்காலியை முந்தின நாளே வெளியே கொண்டுவந்திருந்தார்கள். ஷிந்தே காகா கையில் சாமந்தி மாலை. விட்டலை அதில் உட்கார வைத்து மாலை போட வேண்டும் என்று ஏற்பாடு. விட்டல் மகளோடு வந்திருந்தார். நாற்காலியைப் பார்த்தார்.

"ஒன்பது நாள் உட்கார்ந்தாச்சு காகா" என்றார். "போதும்."

யாரும் வற்புறுத்தவில்லை. மாலையைக் காலி நாற்காலிக்கே போட்டார்கள்.

நான் ஒரு தாளில் பெயர்களை எழுதிக் கொண்டுபோயிருந்தேன். கேன்டீனில் கை தூக்கியவர்கள், வேலையை விட்டுப் போனவர்கள், விசாரித்துத் தெரிந்துகொண்டவர்கள் என்று பக்கம் நிறைந்திருந்தது. ஒவ்வொருவரும் தங்கள் பெயருக்கு நேராகக் கையெழுத்துப் போட்டார்கள். எழுதத் தெரியாதவர்களுக்காக மைப்பெட்டியும் வைத்திருந்தேன். விட்டலின் முறை வந்தபோது, கூட இருந்தவர் பழக்கத்தில் மைப்பெட்டியை நகர்த்தினார்.

"பேனா" என்றார் விட்டல்.

இடது கையால் பிடித்தார். முதல் எழுத்தை ஆரம்பித்ததுமே தாள் பேனாவோடு நகர்ந்தது. மறுபடி வைத்தார், மறுபடி நகர்ந்தது. தாளைப் பிடித்துக்கொள்ள இன்னொரு கை வேண்டும் என்பதை அதுவரை நான் யோசித்ததே இல்லை. மகள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். பின்னால் வரிசை நின்றது. யாரும் அவசரப்படுத்தவில்லை.

பிரணாளிக்கு நான் அனுப்பிய பதில் இதுதான்: 'இரண்டு வரியையும் ஏற்று. மேலே இருப்பதை முதலில்.'

விட்டல் எழுதி முடிக்க வெகுநேரம் ஆனது. முழுப்பெயரும் போட்டார், அப்பா பெயரோடு சேர்த்து. அதுவரை நான் இரண்டு கையாலும் தாளைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.